திரை மூடும் முன் அப்பா பேசியது

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா இல்லாமல் ஓராண்டைக் கடத்திவிட்டோம். வீட்டில் யாராவது தும்மினால் பதறி எழுந்து வர ஆளில்லாத ஓராண்டு.

அப்பா காரிமங்கலம் பக்கத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, மொரப்பூர் அருகே தம் அத்தை வீட்டில் வளர்ந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் ரயில் பாதையில் கூலி வேலை செய்தார். அவருக்கும் அம்மாவுக்கும் பிறந்த முதல் இரண்டு குழந்தைகளும் ஆண்டு நிறையும் முன்பே இறந்துபோயின. மூன்றாவதாக, எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன் நான். அறுபதுகளின் தொடக்கம் அது.

எங்கள் ஊர் மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறப்பு நாடகம் போடுவார்கள். தமிழும் தெலுங்கும் பேசுகிற ஊர் என்பதால், யாருக்கும் குறை வராமல் அதை ஊமை நாடகமாகவே வைத்துக்கொண்டார்கள். ஒல்லியான அப்பாதான் ஆண்டுதோறும் மீசையை எடுத்துவிட்டு மாதா வேடம் கட்டுவார். ஊரில் கடைசியாக ஞானஸ்நானம் பெற்ற குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்துவது வழக்கம். அந்த ஆண்டு அது நான். அம்மா வேண்டாமென்று அழுதார். அப்பாவுக்கும் பயம்தான்; ஆனால் மறுத்தால் தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று அதைவிடப் பயம். நான் பிழைத்துக் கிடந்தால் போதும், வேடம் கட்டியது முதல் திரை மூடும்வரை வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார்.

பொழுது சாய்ந்ததும் மார்கழிக் குளிரில் நாடகம் தொடங்கியது. இடையர்கள் வந்து கும்பிட்டுப் போனார்கள். ராஜாக்கள் வரும் நேரத்தில் அப்பா என் காலைத் தொட்டிருக்கிறார். ஐஸ் மாதிரி இருந்ததாம். நான் அழவுமில்லை, அசையவுமில்லை. அப்பா இரு கைகளையும் நீட்டி, வாருங்கள் என்று சைகையால் சனங்களை அழைத்தார். மாதாவே கூப்பிடுகிறாள் என்று சனங்கள் முழங்காலிட்டார்கள். மாதாவின் கணவர் சூசையப்பராகக் கோலூன்றி நின்ற சித்தப்பாவோ, அண்ணன் இந்த வருஷம் பிரமாதமாக நடிக்கிறார் என்று நினைத்தாராம். பேசினால் நேர்ச்சை முறியும், பேசாவிட்டால் பிள்ளை போய்விடும் என்று அப்பா தவித்திருக்கிறார்.

"ஏங்க, இது நடிப்பு இல்லீங்க. புள்ள சில்லுனு கெடக்குறான். யாராச்சும் ஓடியாங்க."

முக்காட்டுக்குள்ளிருந்து ஆண் குரல் வந்ததும் சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா ஓடிவந்து என்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். திரைத்துணி கொடுத்து உதவிய தருமபுரி ஜவுளிக்கடை பாய் நாடகம் பார்க்க வந்திருந்தார். அவருடைய வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாதா வேடத்தைக் கலைக்காமலேயே அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாராம்.

நான் பிழைத்தேன். அப்பாவின் பயம் மட்டும் தீரவில்லை. நேர்ச்சையை முறித்ததற்காக மாதா என்றைக்காவது என்னை அழைத்துக்கொள்வாள் என்றே நினைத்திருந்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. பள்ளி விட்டு வரத் தாமதமானால் ரோட்டில் வந்து நிற்பார். ஒகேனக்கல் சுற்றுலாவுக்கு அனுப்பவே மாட்டேன் என்றுவிட்டார். அதற்காக நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. கடைசி நாட்களில் நினைவு தப்பித் தப்பி வந்தபோதும், "பையனுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றுதான் அம்மாவிடம் கேட்டார்.

"நீங்க அன்னிக்கு வாயத் தொறந்ததாலதாங்க அவன் இருக்கறான்" என்றார் அம்மா. அப்பா நம்பியதாகத் தெரியவில்லை.

நோயில் உடனிருந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும், பங்குத்தந்தைக்கும், இன்றுவரை உறவு விடாத பாய் வீட்டாருக்கும் எங்கள் நன்றி உரியது.

அப்பா, நான் நன்றாக இருக்கிறேன். இனி நீங்கள் பயப்பட வேண்டாம்.

மகன்