நாற்காலிக்கு வரிக்கழிவு

அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஸ்கேல். வீட்டுக்குப் பிளான் வரைகிற தொழில். ஊர் உலகமே வரிக்கணக்கில் வீட்டு சோபாவை ஆபீஸ் சாமான் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. இவருக்கோ சின்னப் பொய்கூட வராது. "இந்த மனுஷன் கொட்டாவி விட்டாக்கூட அளந்துதான் விடுவார்" என்று மனைவி கேலி செய்வாள்.

ஆபீஸ் வாடகை கட்டுப்படியாகாமல் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கூடத்து மூலையில் ஒரு மேசை போட்டார். முதுகுவலிக்குப் பயந்து நல்ல சாய்வு நாற்காலியாக ஒன்றும் வாங்கினார். தொழிலுக்கு வாங்கிய சாமானுக்கு வரியில் கழிவு உண்டு. கணக்கு எழுத வந்த மனைவியின் தங்கை மடிக்கணினியைத் திறந்தாள்.

"மேசை முழுக்க வேலைக்குத்தானே அத்தான்?"

"ஆமாம்மா."

"நாற்காலியும் அப்படியே போட்டுடறேன்."

"போடாதம்மா. உங்க அக்கா அதுலதான் தூங்கினா."

அது அவளுக்கும் தெரியும். நுரையீரல் கெட்டபிறகு அக்காவால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியைச் சரித்து, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்தால்தான் கண்ணயர்வாள். இவர் சமையலறை ஸ்டூலை இழுத்துப்போட்டு வரைந்தார். முதுகு போனது போனதுதான், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கழிவு கிடைத்தால் அவருக்கு உதவிதான். ஆனால் நாற்காலி முழுக்கத் தன்னுடையது என்று எழுதினால், அவள் அதில் இருந்ததே இல்லை என்றாகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சரி, சொந்த உபயோகம்னு கொஞ்சம் கழிச்சுட்டு மிச்சத்தைக் காட்டலாம். தப்பில்ல. அக்கா அதை எதுவரைக்கும்..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"காலைல காபி கொண்டுவந்து எழுப்பினேன். எந்திரிக்கல. அதுவரைக்கும்."

அவள் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் நீங்கதானே அத்தான் உக்கார்றீங்க?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்திருந்தது ஸ்டூலில். நாற்காலி ஜன்னலோரம் சரிந்தபடியே கிடந்தது. சுருட்டிய துண்டும் அப்படியே இருந்தது.

"நிமித்திடலாம்னு போவேன்மா. லீவர்ல கை வச்சா, தூங்கறவளை எழுப்பற மாதிரி இருக்கு. வந்துடுவேன்."

அவள் நாற்காலியைக் கணக்கிலிருந்து எடுத்தாள். அக்கா புருஷனுக்கு ஏதாவது ஒரு கழிவையாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அப்ப அந்த ஸ்டூலையாவது போடவா அத்தான்? அதுலதானே வேலை பாக்கறீங்க?"

அவர் யோசித்தார். ஸ்டூலின் விளிம்பை ஒருமுறை தடவினார்.

"முழுசா வேலைக்குன்னு சொல்ல முடியாதும்மா. இப்பல்லாம் இதுல உக்காந்துதான் காய் நறுக்கறேன்."

தங்கை மடிக்கணினியை மூடிவிட்டு அழுதாள்.