சியாங் மாய் போகிறவளுக்கு நாலு பக்கம்

முதலில் ஒரு ஸ்வெற்றர் எடுத்து வையுங்கள். தாய்லாந்து என்றதும் வேர்த்துக் கொட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாங்கொக்கில் அது சரி. வடக்கே மலைப் பக்கம், மார்கழி தையில் விடியற்காலை பல்லுக் கிடுகிடுக்கும். இரவு ரெயிலில் போவதென்றால் கீழ்ப் படுக்கையைக் கேட்டு எடுங்கள், மேல் படுக்கைக்கு ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். சியாங் மாயில் இறங்கினால் சிவப்பு வான்கள் நிற்கும். கூலியைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். பங்குனியில் போகாதீர்கள். காடும் வயலும் எரிக்கிற புகையில் மலையே தெரியாது.

தொண்ணூறுகளில் லண்டன் குட்மேய்ஸ் வீட்டு ஹோலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இதை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சண்டையால் ஊருக்குத் திரும்ப முடியாத எங்கள் சனம், ஊரில் இருந்து வரக்கூடிய தாய் தகப்பனையும் சகோதரங்களையும் நடுவழியில் சந்திக்கிற நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. தோர்ண்டன் ஹீத்தில் இருந்து ஒருவர் எடுப்பார், பார்க்கிங் என்கிற இடத்தில் இருந்து இன்னொருவர். "அண்ணை, நீங்கள் அங்க கன காலம் இருந்தனீங்களாம். என்னென்ன கொண்டுபோறது?" நானும் பெரிய மனிசன் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவேன்.

இருந்தேன்தான். எப்படி இருந்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. எண்பதுகளின் கடைசியில் எங்களை லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், விசா முடிந்துபோன ஏழு பேரைச் சியாங் மாயில் ரயர் ஒட்டுகிற கடை ஒன்றின் மேலறையில் எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்தான். யன்னலால் பார்த்தால் தூரத்து மலையில் ஒரு கோயிலின் பொன்முடி மினுங்கும். எட்டு மாதமும் பார்த்தேன், ஒரு நாளும் போகவில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஏழு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிடுவோம். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் சுவர்ப் பக்கம் ஒதுங்குவேன்.

அதிகாரியைச் 'சேர்' என்று கூப்பிட்டுப் பதில் சொல்ல ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு காலையும் எங்களுக்குப் பாடம் எடுப்பான். ஏன் வந்தாய்? கோயில் பார்க்க. ஆரைத் தெரியும்? ஒருத்தரையும் தெரியாது. சொந்தக்காரர் இருக்கினமோ? ஒருத்தரும் இல்லை, சேர். "ஒரு ஆளின்ர பேரைச் சொன்னியோ, அந்த ஆளும் போச்சு, நீயும் போச்சு" என்பான். வாய்ப்பாடு மாதிரி அதைப் பாடமாக்கினோம். அதைச் சொல்லித்தான் நான் தப்பினேன் என்று அப்போது நம்பினேன். கல்யாணம் கட்டி, குட்மேய்ஸில் வீடெடுத்து, பெற்றோல் செட்டில் மனேச்சர் ஆன பிறகும் அதைத்தான் நம்பினேன்.

என் மனைவிக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவள் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது வருசம் கழித்து அவனுக்கு விவசாயம் படிக்க உதவிப்பணம் கிடைத்தது. எங்கே என்றால் சியாங் மாயில்! மாணவர் விசா, கொலிஜ் கடிதம், விடுதி, எல்லாம் ஒழுங்கு. கள்ள வேலை ஒரு துளியும் இல்லை. போய் அவனைப் பார்க்கவேண்டும், பிறகு ஒருக்கால் லண்டனுக்குக் கூப்பிட்டு எங்கள் குசினி மேசையில் இருத்திச் சோறு போடவேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

"நீங்களும் வாங்கோவன், அப்பா." என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"லீவு தரமாட்டாங்கள்."

பொய். லீவு கிடந்தது. எனக்குத்தான் துணிவு கிடக்கவில்லை. அந்த நாட்டு மண்ணில் கால் வைத்தால் எவனோ ஒருவன் பின்னால் வந்து தோளில் தட்டுவான் என்ற பயம். இவள் தனியாகப் போவது அதைவிடப் பயம். எங்களிடம் அப்போது பாஸ்போர்ட் கிடையாது, அகதிகளுக்கு அரசாங்கம் தந்த பயணப் புத்தகமும் அதிலே ஒரு தற்காலிக விசாவும்தான். திரும்பி வரும்போது லண்டன் விமான நிலைய வாசலில் நிற்கிற அதிகாரி மனம் வைத்தால்தான் உள்ளே விடுவான் என்று எல்லோரும் சொல்வார்கள். விடாவிட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்வி நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

கொப்பித் தாளில் நாலு பக்கம் எழுதினேன். முதல் மூன்றும் நல்ல புத்தி. கோயிலில் சப்பாத்தைக் கழற்று, தோள் மூடிய சட்டை போடு, பிக்குமாரில் முட்டுப்படாதே. புத்தருக்கு நேரே கால் நீட்டாதே. மலை ரோட்டில் வளைவு கூட, வாந்தி வராமல் சத்திக் குளிசை போட்டுக்கொண்டு முன் சீற்றில் இரு. போத்தல் தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடியாதே. பயணப் புத்தகத்தை ஒருவரிடமும் அடமானம் மாதிரிக் குடுக்காதே. முத்திரையில் போட்ட திகதிக்கு ஒரு நாள் முந்தியே வெளிக்கிடு.

நாலாம் பக்கம் ஏஜென்சிக்காரனின் பாடம். சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிய, குசினி மேசையில் ஒத்திகை நடக்கும். நான் அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அதட்டுவேன்.

"தாய்லாந்தில உமக்கு ஆர் இருக்கினம்?"

"என்ர தம்பி."

மேசையில் ஓங்கி அடிப்பேன். "திரும்பச் சொல்லும்!"

"இஞ்சாருங்கோ, நான் என்ன களவாவே போறன்? அவன் படிக்கிற பிள்ளை."

"களவில்லை எண்டு அந்த அதிகாரிக்குத் தெரியுமே? தம்பி எண்டு சொன்னீரோ, தம்பியைக் கடத்திக்கொண்டு வரப் போனனீர் எண்டு எழுதிப்போடுவாங்கள். பிறகு நீரும் இல்லை, அவனும் இல்லை."

அவள் முதல் கிழமை சிரித்தாள். இரண்டாம் கிழமை கோபித்தாள். மூன்றாம் கிழமை, என் அதட்டலுக்குள் இருந்த பயத்தைக் கண்டாளோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருந்து சொன்னாள்: "ஒருத்தரும் இல்லை, சேர்." எனக்குப் போன உயிர் வந்தது. அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

தை மாதம் போனாள், இரண்டு கிழமை. நடுவில் இரண்டு தரம் போன் எடுத்தாள். ஸ்வெற்றர் நல்லாய் உதவியதாம். தம்பி தன்னைவிட உயரமாய் வளர்ந்துவிட்டானாம். அவனோடு அந்த மலைக் கோயிலுக்கு ஏறினாளாம். "நீங்கள் யன்னலால பார்த்த கோயில் அப்பா, எவ்வளவு வடிவு தெரியுமே?" எனக்கு வடிவு கேட்கவில்லை. "போனில கதைக்காதையும், வையும்" என்று சொல்லி வைத்தேன். என்ன ஜென்மம் நான்!

விமானம் லண்டனில் காலை ஏழு மணிக்கு இறங்கியது. ஆட்கள் வெளியே வருகிற கம்பித் தடுப்போடு ஒட்டி நின்றேன். எட்டு மணிக்குள் ஓர்க்கிட் பூப் பெட்டிகளோடு எல்லோரும் வந்து முடிந்துவிட்டார்கள். ஒன்பதானது. அடுத்த நாட்டு விமானத்துச் சனம் வரத் தொடங்கியது. இவள் வரவில்லை. தம்பி என்று சொல்லிவிட்டாள், பிடித்துவிட்டார்கள், அடுத்த பிளேனில் ஏற்றப் போகிறார்கள் என்று மனம் ஒரே அடியாக அடித்துக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. விசாரணை மேசையடிக்கு வரச் சொன்னார்கள். போனேன். இளம் பெண் அதிகாரி ஒருத்தி, கையில் குறிப்புப் புத்தகம், முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. அவள் தரையில் நடந்து வந்த சப்பாத்துச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

மனைவி ஏன் தாய்லாந்துக்குப் போனார் என்று கேட்டாள்.

"விடுமுறைக்கு. கோயில் பார்க்க."

அங்கே யாரையாவது சந்தித்தாரா?

"இல்லை."

சொந்தக்காரர் யாரும் அங்கே இருக்கிறார்களா?

"ஒருத்தரும் இல்லை, மேடம்."

அவள் பேனையை நிறுத்தினாள். சிரிப்புப் போய்விட்டது. நிச்சயமாகத் தெரியுமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். பாவம், நல்ல பிள்ளை, எனக்கு வாசலைத் திறந்துதான் விட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிச்சயம் என்றேன். அதை எழுதினாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள். அப்பாடா! இரண்டு பேரின் கதையும் ஒன்றாகப் பொருந்திவிட்டது, இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். போய் ஒரு தேத்தண்ணிகூட வாங்கினேன்.

என் மனைவி வெளியே வந்தபோது பின்னேரம் மூன்று மணி. பெட்டியைக் கிண்டி வைத்ததில் வாய் மூடாமல், தம்பி வாங்கிக் கொடுத்த கம்பளிச் சால்வை வெளியே தொங்கியது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. ரெயிலில் ஏறி, பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, தொங்கிய சால்வையை உள்ளே திணித்தாள்.

"என்னெண்டு சொன்னனீர்?" என்று மெல்லக் கேட்டேன்.

"உண்மையைச் சொன்னனான். தம்பியைப் பாக்கப் போனனான் எண்டு முதல் கேள்வியிலயே சொன்னனான். படங்களைக் காட்டினன், அவன்ர கொலிஜ் கடிதத்தைக் காட்டினன். அந்த அதிகாரிப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு முத்திரையைக் கையில எடுத்திட்டுது, அப்பா. கூட்டிப்போக ஆர் வந்திருக்கினம் எண்டு கேட்டுது. மனுசன் வெளியில நிக்கிறார் எண்டன். சும்மா ஒருக்கா அவரையும் கேட்டிட்டு வாறன் எண்டு போச்சுது."

ரெயில் ஒரு ஸ்ரேசனில் நின்று வெளிக்கிட, அவள் தொடர்ந்தாள்.

"திரும்பி வரேக்க வேற முகம். அவன் உண்மையாத் தம்பிதானோ, பிறகேன் உங்கட மனுசன் இல்லை எண்டுறார், ஆரைக் கொண்டுவரப் பாக்கிறியள்? மாறி மாறி மூண்டு பேர் கேட்டாங்கள். கொலிஜுக்குப் போன் பண்ணினாங்கள். கடைசியா ஒரு பெரியவர் வந்து, உங்கட மனுசன் ஏன் பொய் சொன்னவர் எண்டு கேட்டார். அவருக்குப் பயம் எண்டன். ஆரில பயம் எண்டார். உங்களிலதான் எண்டன். அதுக்குப் பிறகுதான் விட்டாங்கள்."

"நாலாம் பக்கத்தில நான் எழுதினது..."

"அதைப் போகேக்க பிளேனிலயே கிழிச்சுப் போட்டன். மற்ற மூண்டு பக்கமும் நல்லா உதவினது."

அவள் திரும்பி வந்துவிட்டாள், அது போதும் என்று அன்றைக்கு என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றரை வருசம் போயிற்று. தம்பிக்குப் படிப்பு முடிகிற நேரம். ஊர்ச் சண்டைக்குள் திரும்பமுன் ஒரு மாதம் எங்களோடு வந்து நிற்கட்டும் என்று விசாவுக்குப் போட்டோம். சம்பளக்காரன் நான் என்பதால் அழைப்புக் கடிதம் என் பெயரில் போனது. அவள் மேசைக்கு நாலாவது கதிரை ஒன்று வாங்கினாள். மூன்று கால் ஆட்டமில்லாமல் நின்றது, ஒன்றுக்குக் கீழே காட்போட் மட்டை மடித்து வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே, விசா மறுத்த தாளின் கொப்பி. அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். பிறகு இன்னொரு தரம் எனக்குக் கேட்க, தமிழில், சத்தமாக வாசித்தாள். அழைப்புக் கடிதம் எழுதியவர், தனக்கோ மனைவிக்கோ தாய்லாந்தில் உறவினர் எவரும் இல்லை என்று முன்னர் அதிகாரியிடம் உறுதியாகக் கூறியுள்ளார். ஆகவே நீங்கள் சொல்லும் உறவை எங்களால் ஏற்க முடியவில்லை.

நான் சிங்க்கோடு சாய்ந்து நின்றேன். அவள் ஏசவில்லை. ஏசினால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று நினைத்தேன்.

"பேசும். ஏதாவது பேசும்" என்றேன்.

அவள் போய் மேசையில் இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, என்னை நேரே பார்த்தாள்.

"கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"இந்த மேசையில இருந்து அண்டைக்குக் கேட்டியளே, அதை. தாய்லாந்தில உமக்கு ஆர் இருக்கினம் எண்டு கேளுங்கோ."

என்னால் ஏலவில்லை. அவள் தானே பதிலையும் சொன்னாள்.

"ஒருத்தரும் இல்லை, சேர்."

பிறகு எழும்பிப் போய் மிச்ச லீக்ஸை வெட்டினாள்.