மூன்றாவது ஓலை

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவில், போதகர் ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். இன்ன ஊர் இன்னாருடைய குமாரனுக்கும், இந்தச் சபை இன்னாருடைய குமாரத்திக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை உண்டென்று யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்கலாம் என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நேரத்தில் கோவில் முழுக்க ஒரே இருமலாக இருக்கும். ஏன் இருமுகிறார்கள் என்று கேட்டால் இருமுகிறவர்களுக்கே தெரியாது. தடை சொல்ல யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அன்றைக்கு எழுந்தவள் என் அக்கா. வாசிக்கப்பட்டதும் அவளுடைய ஓலைதான்.

அப்பா அப்போது எங்கள் பக்கத்துக்கு டி.எஸ்.பி. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு. அறுபதுகளில் அந்தப் பக்கம் வீடுகளைவிடப் பனைமரம் அதிகம். எங்கள் வாசலில் ஜீப் நிற்கும் என்பதால் தாம்பரம் மார்க்கெட்டில்கூட எங்களுக்குத் தனி மரியாதை. அப்பாவை உத்தமர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுகிற லாரிக்காரர்களிடமிருந்து மாமூல் வந்தது. கீழே இருந்து மேலே போகும் வழியில் எங்கள் வீட்டிலும் ஒரு பங்கு இறங்கிவிட்டுப் போகும். அதற்கு லஞ்சம் என்று பெயர் கிடையாது. மாமூல் என்றால் வழக்கம். வழக்கத்துக்கு யார் கூச்சப்படுவார்கள்? அம்மா அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகம் என்று எடுத்து வைத்துக் காணிக்கைப் பையில் போட்டாள். ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டால் மீதி சுத்தமாகிவிடும் என்று அவள் மனதார நம்பினாள். எனக்கும் அக்காவுக்கும் எல்லாம் தெரியும். அந்தக் காசில் தைத்த பாவாடையைத்தான் நாங்களும் கட்டினோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பா அசையவில்லை. மதுவிலக்கு இருந்த காலம் அது. செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கம் புதருக்குள் கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். அதைக் குடித்து ஒரு கூலிக்காரர் செத்துப்போனார், இன்னொருவருக்குக் கண் போய்விட்டது. அப்பா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தானே போய்ப் பானைகளை உடைத்தார். காய்ச்சினவர்களோடு நிறுத்தாமல், அவர்களுக்குப் பின்னால் இருந்த அரசியல்காரரின் பெயரையும் கேஸில் சேர்த்தார். அந்த ஆளின் கட்சி அப்போது ஆட்சியில் இல்லை. வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அரசியல்காரர் ஒருநாள் தாம்பாளத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நான் ஹாலில் படித்துக்கொண்டிருந்தேன்.

“சார், என் பேரை மட்டும் எடுத்துருங்க. மத்தவனுங்கள இன்னா வேணா பண்ணிக்கோங்க. நாளைக்கே நாங்க வந்துருவோம், அப்போ உங்களுக்கும் நல்லது.”

“செத்தவன் பேரை எடுக்க முடியலையே. உன் பேரும் இருந்துட்டுப் போகட்டும். தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்றார் அப்பா.

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். கார் கிளம்புவதற்குள் அப்பா கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அதை அவர் காருக்குள் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. அதற்குள் அக்காவுக்குக் கூடுவாஞ்சேரியில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. அவரும் அக்காவைப் போலவே பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா ரிட்டயரான ஹெட்மாஸ்டர். முதல் ஓலை வாசித்த அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் அப்பாவின் பெயரைச் சொல்லி ‘இன்னாருடைய குமாரத்தி’ என்றபோது அப்பா தோளை நிமிர்த்திக்கொண்டதைப் பார்த்து நானும் அக்காவும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். இரண்டாவது ஓலைக்கும் இருந்தார். மூன்றாவதற்கு இல்லை.

நடுவில் ஒரு நாள் காலையில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பாவிடம் வேலை பழகியவர். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவர். அம்மா வழக்கம்போல் காபி கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, எழுந்து நின்று அப்பாவுக்கு சல்யூட் அடித்தார்.

“சார், மன்னிச்சுக்கணும். மேலேருந்து ஆர்டர். உங்களை அரெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க.”

அப்பா முகத்தில் பாதி சோப்பு. “என்ன கேஸ்?” என்று கேட்டார்.

“ஏரிக்கரை சாராயம் சார். காய்ச்சினவங்ககிட்ட நீங்க மாமூல் வாங்கினதா அவங்களே ஸ்டேட்மெண்ட் கொடுத்திருக்காங்க.”

அப்பா துண்டால் கையைத் துடைத்தார். பிறகு, “மீதியை ஷேவ் பண்ணிட்டு வரேன்” என்றார். யூனிஃபார்ம் போடவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு, எங்கள் ஜீப்பிலேயே பின்சீட்டில் ஏறிப் போனார். ஜீப் ஓட்டிய கான்ஸ்டபிள் அழுதுகொண்டே ஓட்டினார்.

அந்தச் சமயம் அப்பாவோடு இன்னும் சில பெரிய அதிகாரிகளையும் பிடித்தார்கள். ஊழலை ஒழிக்கிறார்களாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிடிபட்டவர்களில் கை சுத்தமானவர் என்று யாரையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியதற்காகப் பிடிபட்டவரும் அதில் யாருமில்லை. பழைய ஆட்சியில், இப்போது பதவிக்கு வந்திருந்த கட்சிக்காரர்களைப் பகைத்துக்கொண்டவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். லாரி மாமூலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா? எப்படித் திறப்பார்கள்? லாரிகள் அப்போதும் ஓடிக்கொண்டுதானே இருந்தன. பங்கு வேறு வீட்டில் இறங்கியது, அவ்வளவுதான். அப்பா கைநீட்டாத ஒரே இடம் அந்த ஏரிக்கரை. அதற்குத்தான் அவரை உள்ளே வைத்தார்கள்.

பேப்பரில் பெயர் வந்தது. தெருவில் கீரை விற்கிற அம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்து, “அய்யா எப்போ வருவாரு? நல்லா கீறாரா? நீ சாப்ட்டியா மொதல்ல?” என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டாள். சபைக்காரர்கள் கேட்கவில்லை. ஒரு டீச்சரம்மா என் காதில் விழும்படியே, “உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்” என்றாள். அந்த உப்பில் தசமபாகம் கோவில் மதில்சுவரில் இருக்கிறது என்று சொல்ல வாய் துடித்தது. அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நானும் அக்காவும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். என் தாய்மாமாவை உட்கார வைத்துக்கொண்டு தன்மையாகத்தான் பேசினார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

“எங்களுக்கு சார் மேல ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா ஊர் வாயை மூட முடியுமா? மூணாவது ஓலையில அவர் பேரை மட்டும் எடுத்துடுங்க. தாய்மாமன் பொறுப்பில இருக்கிற பொண்ணுன்னு வாசிக்கட்டும். மத்ததெல்லாம் பேசினபடி.”

மாமா சரி என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு அவளும் சரி என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இந்த இடம் தவறினால் ஜெயிலுக்குப் போனவன் பெண்ணுக்கு வேறு எங்கே போய்த் தேடுவது என்று பயந்தாள். மாமா ஐயரிடம் போய்ச் சொல்லி ஏற்பாடு செய்தார். அக்காவிடமும் என்னிடமும் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் தாளை எடுத்தார். மாப்பிள்ளை பெயர், அவர் அப்பா பெயர், ஊர். பிறகு அக்காவின் பெயர். எங்கள் அப்பாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் மாமாவின் பெயர் வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா குனிந்துகொண்டாள். அந்தக் குனிவிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஐயர் தடை கேட்டு நிறுத்தினார். இருமல் ஆரம்பித்தது. அக்கா எழுந்து நின்றாள். இருமல் அப்படியே நின்றுபோனது.

“ஐயா, நீங்க வாசிச்ச பொண்ணு நான் இல்லை” என்றாள்.

“உட்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்” என்றார் ஐயர்.

“எங்க அப்பா உயிரோட இருக்காங்க ஐயா. அவங்க பேரைச் சொல்லி வாசிங்க. இல்லேன்னா வாசிக்காதீங்க.”

ஐயர் நல்ல மனுஷர். மாமாவைப் பார்த்தார், மாமா தலையை ஆட்டவில்லை. தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு அடுத்த பாட்டின் நம்பரைச் சொன்னார். அக்கா பாட்டு முடியும்வரை நின்று, எல்லாரோடும் சேர்ந்து பாடினாள்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஆட்கள் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு சாயங்காலம் அக்காவின் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வெளியே வந்ததும் குனிந்து சைக்கிள் மணியைத் துடைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அவர்மேல் கோபமே இல்லாமல் சொன்னாள்.

பார்க் ஸ்டேஷன் பக்கத்து ஜெயிலுக்கு அம்மாவை ரயிலில் அழைத்துக்கொண்டு போவது என் வேலை. கல்யாணம் குறித்திருந்த நாள் கழிந்த பிறகு போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற அப்பா முதலில் கேட்டது, “கல்யாணம் நல்லா நடந்துச்சா?”

ஆள் பாதியாக இளைத்திருந்தார். அம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். “நல்லா நடந்துச்சுங்க” என்றாள்.

என் அம்மா பொய் சொல்லத் தெரியாதவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று நின்ற நிலையில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்தாள். சந்தன நிறப் பட்டு என்றாள். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை என்றாள். என்ன பாட்டுப் பாடினார்கள் என்று அப்பா கேட்டார், அதற்கும் ஒரு பாட்டைச் சொன்னாள். அடுத்த தடவை போனபோது, “கூடுவாஞ்சேரியில தண்ணி எப்படி? அவளுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்காதே” என்றார். “வீட்டுக்குள்ளேயே கிணறுங்க, கல்கண்டு மாதிரி தண்ணி” என்றாள் அம்மா. “அவளை இங்க கூட்டிட்டு வராதே. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு ஜெயில் வாசல்ல நிக்கக் கூடாது” என்றார் அப்பா. அம்மா சரி என்றாள். திரும்பும் ரயிலில் மீனம்பாக்கம் வரும்வரை அழுதாள்.

கேஸ் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல வருஷம் இழுத்து, காற்று வேறு பக்கம் அடித்தபோது, கோர்ட்டு தள்ளிவிட்டது. அந்த அரசியல்காரர் மேலிருந்த கேஸ் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. கண் போன கூலிக்காரருக்குக் கண் வரவில்லை. அக்காவுக்கு அதன்பிறகு யாரும் ஓலை வாசிக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அப்பா ஜாமீனில் வீட்டுக்கு வந்த நாள்தான். ஜாமீன் திடீரென்று கிடைத்தது. வக்கீல் தன் காரிலேயே அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். வழியில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அம்மா நினைத்திருந்தாள், வக்கீலை வைத்துக்கொண்டு அவளுக்கு வாய் வரவில்லை. வக்கீல் வாசலோடு போய்விட்டார். அப்பா உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணப் போட்டோவைத் தேடினார் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. அக்கா காபியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நீ எப்பம்மா வந்தே? மாப்பிள்ளை வரலியா?”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா காபியை அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், யாரையும் திட்டாமல். அப்பா காபியைத் தொடவில்லை.

“பேரை மட்டும்தானே எடுக்கச் சொன்னாங்க. எடுத்திருந்தா என்னம்மா? நீ நல்லா இருந்திருப்பியே.”

“நீங்களும் அந்த ஆளோட பேரை எடுத்திருந்தா நல்லா இருந்திருப்பீங்கப்பா. நீங்க எடுக்கலையே.”

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“நான் அவ்வளவு நல்லவன் இல்லம்மா” என்றார். “அந்த லாரிக் காசெல்லாம்... உனக்குத் தெரியாது.”

“தெரியும்பா. காபி ஆறுது, குடிங்க” என்றாள் அக்கா.