மஞ்சளாகாத தண்ணீர்

1. குடித்துக் காட்டச் சொன்ன மருந்து

“குடிச்சுக் காட்டு” என்றான் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன், அரைகுறைத் தமிழில். அவன் நீட்டியது என்னுடைய ரெஸ்ற் மருந்துப் போத்தலை. கிணற்றுத் தண்ணீரில் குளோரின் நிற்கிறதா என்று பார்க்கிற மருந்து அது. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து இரண்டு மூன்று துளி விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. அமிலம் கலந்த சாமான், குடித்தால் குடல் வெந்துபோகும். அதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவனுக்கு விளங்கியது நஞ்சு என்ற ஒரு சொல் மட்டும்தான். போதாக்குறைக்கு என் சைக்கிள் கரியரில் ஒரு வாளி வெள்ளைத் தூள், கிணற்றுக்குப் போடுகிற குளோரின். பிறகென்ன, மூன்று மணித்தியாலம் மழைத் தூறலில் வீதியோரம் நின்றேன். கடைசியில் அவர்களில் பெரியவன் ஒருவன் வந்து என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

நான் அப்போது திருகோணமலை நகரத்தில் பி.எச்.ஐ. அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சண்டைக் காலம். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய், கிணற்றைப் பார்த்து, போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நல்லது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெட்டித்தனத்தைச் சொல்ல வரவில்லை. என் கெட்டித்தனக் கதைகளை ஓய்வுபெற்ற அன்று மேடையில் மற்றவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். இது அவர்களுக்குத் தெரியாத கதை.

அன்று நனைந்துபோய் அலுவலகத்துக்கு வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இனி இந்தக் கண்டறியாத போத்தலைக் கொண்டு திரிவதில்லை என்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். தூளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு நாளும் சென்றியால் கொண்டுபோனால்தானே கரைச்சல்? ஒரே நாளில், ஆமியிடம் எடுத்த ஒரே பெர்மிற்றில், இரண்டு மாதத்துக்கான தூளையும் கொண்டுபோய் மருந்து போடுகிற இடத்திலேயே ஒரு வீட்டில் வைத்துவிட்டால் பிறகு வெறுங்கையோடு போய்வரலாம். அந்த யோசனை வந்தபோது நான் பெரிய மூளைசாலி என்று நினைத்தேன்.

2. சரோஜா ரீச்சரின் நல்ல தண்ணி

துறைமுகத்துக்குப் பின்பக்கம், கடலுக்கும் பெரிய வீதிக்கும் இடையில் ஒரு ஒழுங்கை, சின்னச் சந்து. இருபது வீடு வரும். கடல் கிட்டவென்பதால் எல்லாக் கிணறும் சவர், உப்புக் கரிக்கும். பைப்பில் காலையில் ஒரு மணித்தியாலம் தண்ணீர் வந்தால் அதிசயம். ஒழுங்கை முழுக்கக் குடிக்க அள்ளியது சரோஜா ரீச்சர் வளவுக் கிணற்றில். அங்கே மட்டும் என்ன புண்ணியமோ, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ரீச்சர் தனியாள். கேற்றுக்குப் பூட்டுப் போடமாட்டா. வாளி எந்த நேரமும் கப்பியில் தொங்கும். யாரும் கேட்காமல் வந்து அள்ளலாம், அதுதான் அந்த ஒழுங்கை வழக்கம்.

ரீச்சரைக் கேட்டேன், தூள் வாளியை உங்கள் விறகு அடுக்குகிற பத்திக்குள் வைக்கலாமா என்று. “ஓம் தம்பி, தாராளமா வையுங்கோ” என்றா. கொண்டுபோய் வைத்தேன். மூடியில் ஒரு வெடிப்பு. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன்.

அந்தத் தூளை நாங்கள் ரி.சி.எல். என்போம். புதுத் தூள் என்றால் வாளியைத் திறக்கும்போதே மூக்கில் அடிக்கும், கண்ணால் தண்ணீர் வரும். காற்றும் ஈரமும் பட்டால் மெல்ல மெல்லச் செத்துப்போகும். பார்வைக்கு அதே வெள்ளைதான், உள்ளே சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் இராது. இது பயிற்சியில் முதல் கிழமையே சொல்லித் தருகிற பாடம். ஐப்பசி மழையில், ஒழுகுகிற பத்திக்குள், வெடித்த மூடியோடு அதை வைத்தவன் சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவன்.

என்னோடு வேலைக்கு வந்தவர் செல்லத்துரை அண்ணை, லேபரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். தூளைக் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததைக் கிணற்றில் ஊற்றி, வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்குவது அவர் வேலை. அரை மணித்தியாலம் கழித்து ரெஸ்ற் பண்ணி அளவை எழுதுவது என் வேலை. ரெஸ்ற் மருந்து லாச்சிக்குள். ஆகவே நான் கொப்பியில் 0.5 என்று எழுதினேன். லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரின், இருக்கவேண்டிய அளவு அதுதான். ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம், எல்லா நாளும் 0.5. கார்த்திகைத் தொடக்கத்தில் ஒருநாள் செல்லத்துரை அண்ணை ஒரு பிடி தூளை அள்ளி மூக்கடியில் பிடித்துவிட்டு, “ஐயா, மணத்தைக் காணேல்லை” என்றார். மூக்கடைப்பு, தடிமனாக்கும் அண்ணை என்று சிரித்துவிட்டேன். அவருக்கு ஒரு தடிமனும் இல்லை.

3. வாளி

அந்த மாரி மழையோடு நகரம் முழுக்க வாந்தியும் வயிற்றோட்டமும். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் போட்டிருந்தது. கொலராவாக இருக்கலாம் என்று கதை. கடைகளில் வெட்டின பழம் விற்கக்கூடாது, ஐஸ்பழ வண்டி வரக்கூடாது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. கொதிக்கவைக்க மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று சனம் கேட்டது. கிணற்றுக்கு மருந்து போடுகிறோம்தானே, பயமில்லை என்று மட்டும் சொன்னேன். அதை நம்பித்தான் பாதி வீடு கொதிக்கவைக்காமல் குடித்தது.

ரீச்சரின் ஒழுங்கையில் ஒரு கிழமைக்குள் ஆறு பேர் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். எங்கள் டொக்டர், என் மேலதிகாரி, கூப்பிட்டுக் கேட்டார்.

“கிணத்திலை ரெசிடுவல் குளோரின் எவ்வளவு வருது?”

“பொயின்ற் ஃபைவ், சேர்.”

“அப்ப தண்ணியிலை பிழையில்லை. வேறை ஏதோ. போய்ப் பாரும்.”

வேறு ஏதோவைத் தேடிக்கொண்டு நான் ஒழுங்கைக்குப் போனேன். ரீச்சர் வளவில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். என்ன ஐயா இது, மருந்து போட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்கள். எல்லாருடைய கண்ணும் என்மேல். அந்த நேரம் பார்த்து யோகம் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள்.

யோகம் மூதூருக்கு அங்கால் ஒரு ஊர்க்காரி. குண்டு விழுகிற செல்லடிக்குப் பயந்து, புருசனும் இரண்டு பிள்ளைகளுமாக லோஞ்சில் குடாவைக் கடந்து வந்தவர்கள். ஒழுங்கை மூலையில் பாதி கட்டின வீடொன்றுக்குத் தகரம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததும் ரீச்சர்தான். புருசன் மீன்பிடிக்காரன், கடலுக்குப் போகத் தடை, கூலி வேலை தேடித் திரிந்தான். முகாமுக்குப் போகாமல் பிள்ளைகளோடு ஒரு கூரைக்குக் கீழ் இருக்கவேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தேன். “வெளியிலை இருந்து வந்த ஆக்களாலையும் வரும். அங்கத்தைத் தண்ணி, அங்கத்தைப் பழக்கம். வாளி, கயிறெல்லாம் கவனமாப் பாவிக்கோணும்.”

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. யோகம் அரைக் குடத்தோடு திரும்பிப் போனாள்.

அன்று பின்னேரம் ரீச்சர் வாளியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டா. அள்ள வருகிறவர்கள் கேட்டு வாங்கவேண்டும். எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் கொடுத்தா. யோகம் கேட்டபோது முகத்தைப் பார்க்காமல், “குறை நினைக்காதை பிள்ளை, பி.எச்.ஐ. தம்பி சொல்லிப்போட்டார்” என்றாவாம். இதை ரீச்சரே பிறகு எனக்குச் சொன்னா.

4. லாச்சிக்குள் இருந்த உண்மை

செல்லத்துரை அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நாள் மருந்து போட்டு அரை மணித்தியாலத்தில் ரீச்சர் கிணற்றுத் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் நிரப்பி இடுப்பில் செருகிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். தண்ணீரை சென்றிக்காரன் குடிக்கச் சொன்னாலும் குடிக்கலாம்தானே. என் மேசையில் வைத்து, “ஐயா, இதை ஒருக்கால் பாருங்கோ” என்றார்.

லாச்சியைத் திறந்தேன். குழாயில் தண்ணீரை விட்டு மருந்தைத் துளி துளியாக விட்டேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளின் நிழல்கூட இல்லை. இன்னும் இரண்டு துளி விட்டேன். செல்லத்துரை அண்ணை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு கொப்பியைப் புரட்டினேன். புதிதாக வந்த ஆட்களையும் நோயாளிகளையும் அதே கொப்பியில்தான் பதிவேன். யோகத்தின் குடும்பம் வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. ஒழுங்கையில் முதல் ஆள் விழுந்தது அதற்கு முந்தின புதன். இரண்டும் என் கையெழுத்தில், ஒரே பக்கத்தில். நான் அதைக்கூடப் பார்க்காமல் வாயைத் திறந்திருக்கிறேன்.

டொக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். விசாரணை வரும், இடமாற்றம் வரும் என்று பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம், அந்த ஒழுங்கைச் சனத்தின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பது. பழைய தூள் கட்டிபட்டுவிட்டது என்று ஸ்ரோரில் சொல்லிப் புதுத் தூள் எடுத்தேன். சென்றியில் மறித்தார்கள், நின்றேன். மூன்று நாள் தொடர்ந்து கிணற்றுக்கு மருந்து போட்டோம். மூன்று நாளும் குழாய் மஞ்சளாகியது. மூன்று நாளும் 0.5 என்று எழுதினேன். பழைய 0.5-உம் புதிய 0.5-உம் கொப்பியில் ஒரே மாதிரித்தான் இருந்தன.

5. பரவாயில்லை

அதற்குள் யோகத்தின் சின்னப் பெட்டையும் வயிற்றோட்டத்தில் விழுந்துவிட்டாள். மூன்று வயது. ரீச்சர் கிணற்றில் அள்ள முடியாமல், எரிந்துபோன வீடொன்றின் பின்னால் இருந்த பாழ்கிணற்றில் யோகம் அள்ளியிருக்கிறாள். அந்தக் கிணறு என் பட்டியலிலேயே இல்லை. நான் போனபோது பிள்ளையின் கண் குழிக்குள் கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. ஓட்டோ பிடித்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றி, நானே கூடப் போனேன். வழியெல்லாம் உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தண்ணீரைக் கரண்டியால் பருக்கினோம். அடுத்தடுத்து இரண்டு சென்றி. இரண்டிலும் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். ரெஸ்ற் மருந்துக்காக ஒருநாள் அப்படிக் கும்பிட்டிருந்தால் இந்தப் பயணமே தேவைப்பட்டிராது. சேலைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் கிடந்து இழுத்து, மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து சோறு கேட்டது. அன்று ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குள் போய் நின்று அழுதேன்.

ஒழுங்கையில் வருத்தம், அந்த வயிற்றோட்டம், நின்றுவிட்டது. நிற்காதா, தண்ணீரில் மருந்து இருக்கிறதே. ஆனால் சனம் வேறு கணக்குப் போட்டது. அந்தக் குடும்பத்தைக் கிணற்றடியிலிருந்து விலக்கினதும் வருத்தம் போய்விட்டது, பி.எச்.ஐ. சொன்னது சரி என்று. எனக்குத் தேத்தண்ணீரும் வடையும் தந்தார்கள். நான் சாப்பிட்டேன். வடை தொண்டையால் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் இறங்கியது. இரண்டு சாப்பிட்டேன்.

மார்கழி நடுவில் யோகம் அலுவலக வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் உடுப்பு மூட்டை. ஒழுங்கையில் இனி இருக்க ஏலாது, பள்ளிக்கூட முகாமுக்குப் போகிறோம் என்றாள். பிள்ளையைக் காப்பாற்றினதுக்குக் கடவுள் உங்களை நல்லா வைத்திருக்கவேண்டும் என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“ஐயா, எங்களாலை அந்த ஒழுங்கைச் சனத்துக்கு வருத்தம் வந்திட்டுது. வேணுமெண்டு செய்யேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

என் மேசை லாச்சிக்குள் அந்தப் போத்தல் இருந்தது. கொப்பி மேசைமேல் இருந்தது. பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இல்லை. சொல்ல ஒரு நிமிசம் போதும்.

“பரவாயில்லை பிள்ளை. போயிட்டு வாங்கோ” என்றேன்.

அவள் செய்யாத பிழைக்கு நான் அவளை மன்னித்து அனுப்பினேன். அடுத்த மாதம் முகாமுக்குப் போய்ப் பார்த்தேன். வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அங்கும் போனேன், இல்லை. பிறகு தேடுவதை விட்டுவிட்டேன். அதுவும் என் பிழைதான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ரெஸ்ற் பண்ணாவிட்டால் பண்ணவில்லை என்று எழுதுங்கள். நிறம் வராவிட்டால் சைபர் என்று எழுதுங்கள். அதற்கு டொக்டர் ஏசுவார், ஒரு நாளில் முடிந்துவிடும். நான் அந்தச் சைபரை எழுதவில்லை. அந்தப் பிள்ளை இருந்தால் இப்போது நாற்பது வயதை நெருங்கியிருப்பாள். தன் குடும்பம் ஒரு ஒழுங்கைக்கே வருத்தம் கொண்டுபோனதென்று தாய் அவளுக்குச் சொல்லியிருப்பாள். அவளும் அதை நம்பிக்கொண்டுதான் எங்கேயோ இருப்பாள்.