கூப்பிடற பேருக்குப் பத்து எழுத்து

பேரைச் சொன்னால் போதும், மார்த்தாளின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓட ஆரம்பித்துவிடும். இங்கிலீஷில் எத்தனை எழுத்து என்று எண்ணுகிறார். “பதினாலு. எடம் கீது சார்” என்று நிம்மதியாகச் சொன்ன பிறகுதான் வணக்கம். பெண் பார்க்க வந்தவர்களையும் இப்படித்தான் எண்ணி அனுப்பினார் என்று எங்கள் கேன்டீனில் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை, நம்பாமலும் இல்லை.

உத்திரமேரூருக்கு வெளியே உள்ள தனியார் சர்க்கரை ஆலையில் அவர் ப்ரோக்ராமர். நான் பக்கத்து அறையில் கரும்பு இலாகா குமாஸ்தா. அவருக்கு வயது முப்பத்தெட்டு, பெருநகர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். மெட்ராஸில் பத்து வருஷம் கம்ப்யூட்டருக்குக் கார்டில் ஓட்டை போடும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆலையின் கம்ப்யூட்டர் துணி அலமாரி அளவு இருக்கும். அதற்கு ஏசி உண்டு, எங்களுக்குக் கிடையாது. சித்திரை வெயிலிலும் மார்த்தாள் தன் அண்ணனின் காக்கி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவார். வெளியே வந்தாலும் கழற்ற மாட்டார். பார்க்கிற நமக்கு வியர்க்கும்.

அவர் வருவதற்கு முன் ஒவ்வொரு ப்ரோக்ராமும் கரும்புக்காரரின் பதிவு எப்படி இருக்கும் என்று தனக்குள்ளேயே ஒரு விவரம் வைத்திருந்தது. ஒன்றில் ஊர்ப் பெயர் முப்பத்தோராவது எழுத்தில் தொடங்கும், இன்னொன்றில் முப்பத்து மூன்றில். ராஜகுளத்துக்காரர் சீட்டில் ‘ஜகுளம்’ என்று அச்சாகும். மார்த்தாள் அந்த விவரங்களையெல்லாம் ப்ரோக்ராம்களிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டார். பெயருக்கு இத்தனை எழுத்து, ஊருக்கு இத்தனை எழுத்து என்பது இனி வெளியே, ஃபைலோடு ஒரே இடத்தில் இருக்கும். நாற்பத்து மூன்று ப்ரோக்ராமும் அங்கே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“ஒரே பொண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு ஜாதகம் எழுதிக்கினு வந்தா இன்னா ஆவறது? ஒரே ஜாதகம். வூட்டுக்கு வெளிய மாட்டி வெச்சிட்டேன். வந்து பாத்துக்கினு போங்க.”

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் வாயில் ஜாதகம்! அன்றிலிருந்து ஆலை முழுக்க அதற்கு ‘மார்த்தா ஜாதகம்’ என்றே பெயர்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஜாதகத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினாலும் நாற்பத்து மூன்று ப்ரோக்ராமையும் மறுபடி மெஷின் பாஷைக்கு மாற்றி, புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும். பழைய ஜாதகமா புதியதா என்று மெஷின் சோதித்துப் பார்க்கும்; கம்பைல் செய்யாத ப்ரோக்ராம் ஓட மாட்டேன் என்று நின்றுவிடும். அந்தச் சோதனையை அணைத்து வைக்கவும் வழி இருக்கிறதாம். அணைத்தால் என்ன என்று எங்கள் கரும்பு அதிகாரி அஹமது பாட்சா கேட்டார்.

“பேரு இருக்கற எடத்துல ஊரு வந்து குந்திக்கும் சார். மெஷின் கம்முனு கெடக்கும். நின்னு போனா நமக்குத் தெரியும். தப்பா ஓடினா தெரியவே தெரியாது.”

பாட்சா சார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எண்பத்தெட்டு தை மாதம், அரவை மும்முரமாக நடந்தபோது, புள்ளலூர் சிட்டம்மாள் எங்கள் ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயது விதவை. கரும்பு பன்னிரண்டு மாதம் தாண்டிப் பூத்துவிட்டது; இன்னும் கட்டிங் ஆர்டர் வரவில்லை. ஆர்டர் இல்லாமல் வெட்டினால் ஆலை எடுக்காது, வெட்டாவிட்டால் கரும்பு நின்ற இடத்திலேயே சக்கையாகிவிடும். மெஷினைக் கேட்டால், ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, கரும்பும் வெட்டியாகிவிட்டது என்கிறது. விசாரித்தோம். புள்ளலூரில் இன்னொரு சிட்டம்மாள் இருக்கிறார். அவர் கணவர் பெயரும் கிருஷ்ணசாமி. ஃபீல்டுமேன் வரதன் ஆர்டரை அந்த அம்மாளிடம் நீட்டிவிட்டார். சீட்டில் நம்பர் இருக்கிறது, இல்லாமலில்லை. ஊரில் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

“கையால ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடலாம்மா” என்றார் பாட்சா.

“இந்த வருசம் எழுதுவீங்க. அடுத்த வருசம் மறுபடியும் இதே அக்கா ஜன்னல்ல நிக்கும். ஊர்ல ரெண்டு பேரையும் வேற வேற மாதிரி கூப்புடுவாங்க இல்ல? அதுக்கு ஜாதகத்துல எடம் இல்ல. அது என் தப்பு” என்றார் மார்த்தாள்.

கொதிகலன் சுத்தம் செய்ய ஆலையை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினார். ‘கூப்பிடற பேர்’ என்று புதிய இடம், பத்து எழுத்து. ஊரில் கூப்பிடுவதை அப்படியே எழுதி வரவேண்டும், சொந்தச் சரக்கு கூடாது என்று ஃபீல்டுமேன்களுக்கு உத்தரவு. மறுநாள் வெட்டுக்கான முதல் ஆர்டர் சிட்டம்மாளுக்கு என்று பாட்சா வாக்குக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்த மார்த்தாள், நாற்பத்து மூன்றையும் முடித்தபோது மதியம் இரண்டு. பிறகு வரதன் கொண்டுவந்த பட்டியலைப் பார்த்துப் பெயர்களை அடிக்கத் தொடங்கினார். நானும் பாட்சா சாரும் கூட இருந்தோம். இன்னொரு சிட்டம்மாளுக்கு ‘மிலிட்டரி’, புருஷன் பட்டாளத்துக்காரர். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ‘அறுத்தவ’ என்று எழுதியிருந்தது, தாலியறுத்தவள்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. ‘அந்த அறுத்தவ வந்துச்சா?’ என்று போன வாரம் வரதனிடம் கேட்டவன் நான்தான்.

“ஊர்ல சொல்றத அப்படியே எழுதச் சொன்னீங்களே” என்றார் வரதன்.

மார்த்தாள் எழுந்து கதவைத் திறந்தார். ஆர்டரைக் கையோடு வாங்கிப் போக வெளியே காத்திருந்த சிட்டம்மாளை உள்ளே கூப்பிட்டார். அந்த அம்மாள் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

“யக்கா, சீட்டுல உன்னை இன்னான்னு போடட்டும்?”

சிட்டம்மாள் வரதனைப் பார்த்தார். “அதான் ஊருக்கே தெரியுமே. போட்டுக்கோ.”

“அது வேணாம். நீ சொல்லு.”

சிட்டம்மாள் மார்த்தாளின் பக்கம் திரும்பினார். “அவரு போனப்பறம் நான்தான் ஆளுங்கள வெச்சி கெணறு வெட்னேன். முப்பத்தஞ்சு அடி. நானும் கூட எறங்கி மண்ணு தூக்கினேன். ‘கெணறு வெட்டினவ’ன்னு போடு.”

“அப்படி யாருமே கூப்புடறதில்லியே” என்றார் வரதன்.

“சீட்டை நீட்டறப்போ நீ கூப்புடு” என்றார் சிட்டம்மாள்.

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இங்கிலீஷில், இடைவெளியோடு பதினாறு எழுத்து. வரதனும் எண்ணியிருக்க வேண்டும். “பத்தோட நிறுத்திக்கலாம்க்கா. ‘கெணறு வெட்’ வரைக்கும் வரும்” என்றார் மார்த்தாளிடம்.

பாட்சா கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ரெண்டரை. மறுபடியும் மொதல்லேருந்துன்னா ராத்திரி பத்தாயிடும். காலைல ஆறு மணிக்கு கேட்டுல அறுவது வண்டி நிக்கும். ஒண்ணு ஓடலேன்னாலும் நான் பதில் சொல்லணும். பேஜார் பண்ணாதேம்மா.”

“ஆமா சார்” என்றார் மார்த்தாள். நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜாதகத்தைத் திறந்து, பத்தை அழித்துவிட்டுப் பதினாறு என்று அடித்தார்.