அக்கா கடந்த ஓடை

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, இங்கே, அக்காவை எரித்த சுடுகாட்டுக்கு வருவதற்கு நீங்கள் எல்லோரும் ஓடையில் இறங்கித்தான் வந்திருப்பீர்கள். நனைந்த கையோடு இந்த நினைவு மலரை வாங்கும் உங்களுக்கு, அக்காவின் தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் செங்கம் பக்கத்து இந்த ஊரிலேயே. இளம் வயதில் கணவரை இழந்தார். மானாவாரி நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டு என்னைப் பி.ஏ. வரை படிக்க வைத்தார்.

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஊர்களைப் பற்றிய விவரங்களைத் தொகுக்கும் வேலை, ஆட்சியர் அலுவலக எழுத்தரான எனக்கும் வந்தது. ஆரணியின் பட்டுத்தறி, வந்தவாசியின் கோரைப்பாய், ஜவ்வாது மலையின் சாமை, ஏரியையும் மழையையும் நம்பிய நூற்றுக்கணக்கான சிற்றூர்கள். ஊருக்கு ஒரு தாள். பள்ளி, கிணறு, சாலை, பாலம் என்று கட்டங்கள். எங்கள் ஊர்த் தாளைப் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க ஊருக்குப் பாலம்கூடக் கிடையாதா? நீந்திக்கினுதான் ஆபீசு வர்றீங்களா?"

வெட்கத்தில் 'பாலம் உண்டு' என்று எழுதிவிட்டேன். ஓடையில் போட்டிருந்த நான்கு கற்களைப் பாலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பாலமில்லாத ஊர்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். எங்கள் ஊர் அதில் இல்லை. அக்கா வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனு போட்டார். அது என் மேசைக்கே வந்தது. பொய் எழுதியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, 'பதிவின்படி பாலம் உள்ளது' என்று குறிப்பெழுதி அனுப்பினேன்.

"ஏன்டா, மனு இன்னா ஆச்சு?" என்பார் அக்கா.

"பாத்துக்கினு இருக்காங்கக்கா."

"உங்க ஆபீசுல கண்ணு ஜாஸ்தி, கையி கம்மி போலக்குது."

ஒரு கார்த்திகைக் காலை, தீபம் பார்க்கத் திருவண்ணாமலையிலிருந்த என் வீட்டுக்குப் புறப்பட்டார். அழைத்துப்போக மறுகரையில் நின்றேன். நடு ஓடையில் அவருக்குக் கால் வழுக்கியது. தலை மறைந்தது. புடவை மட்டும் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அக்காவே புங்கமர வேரைப் பிடித்து, முட்டி பிசகிய காலோடு கரையேறினார்.

"இன்னாடா இப்படி வெளுத்துட்ட? தண்ணியில போனது நானா, நீயா?" என்று சிரித்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயந்தேன். பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற பின்னும் அக்கா நொண்டிக்கொண்டே ஓடையைக் கடந்துகொண்டிருந்தார். கடைசி நாட்களில், "மழக்காலத்துல போயிட்டா ஜனங்களுக்குக் கஷ்டம்டா" என்றார். மழைக்காலத்தில்தான் போனார்.

சுடுகாடு ஓடைக்கு அப்பால் இருக்கிறது. மார்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிச் சென்ற நால்வருக்கும், இரு கரையிலும் கயிறு பிடித்து நின்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டியவன் நான். ஆனால் உங்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டது என் பேனா.

நடந்ததை அப்படியே எழுதி, என் பெயரும் போட்டு, பாலம் கேட்கும் மனுவைத் தயாராக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வேங்கிக்காலிலுள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்கிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. இதைப் படித்த பிறகும் மனம் இருந்தால், உங்களில் ஒருவர் உடன் வாருங்கள்.