நாற்பது ஜோடி இடது கால்

பெரியவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. யார் எழுதிய நிரலாக இருந்தாலும் அவள் பார்வை பட்டால் போதும், தப்பு தானாக எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்ளும் என்பார்கள். அந்தப் பெயர் பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. பதினான்கு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சம்பாதித்த பெயர் அது.

கம்பெனி சின்னதுதான். காலணித் தொழிற்சாலைகளில் தோல் வெட்டும் இயந்திரங்களுக்கு மென்பொருள் செய்தது. அந்த இயந்திரத்துக்கு வடிவம், வளைவு என்று எதுவும் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். பக்கவாட்டில் இவ்வளவு, மேலே இவ்வளவு என்று ஒரு புள்ளிக்கு இரண்டு எண். குதிகால் வளைவு ஒன்றுக்கே இருநூறு புள்ளி போகும். அத்தனையையும் வரிசை குலையாமல் அடுக்கி வைத்து, கேட்ட அளவுக்குப் பெரிதாக்கி, சிறிதாக்கி, திருப்பிக் கொடுப்பதுதான் இவர்கள் பிழைப்பு. அந்த அடுக்கை முதன்முதலில் எழுதியவள் பெரியவள். பக்கவாட்டு எண்களெல்லாம் ஒரு பட்டியல், மேல் எண்களெல்லாம் இன்னொரு பட்டியல் என்று அவள் வகுத்ததுதான் அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தைத் தூக்கிக் கடாசியவள் சின்னவள். பெரியவளின் கொழுந்தன் மனைவி. ஒரே வீட்டுக்கு வாழ வந்த ஓரகத்தி. படித்த பெண் சும்மா இருக்கிறாளே என்று முதலாளியிடம் சொல்லி அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் பெரியவள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

வந்த ஏழாம் மாதமே சின்னவள் கேட்டாள்.

"அக்கா, ரெண்டு லிஸ்ட் எதுக்கு? ஒரு புள்ளியோட ரெண்டு நம்பரும் ஒண்ணாவே இருக்கட்டுமே. ஒரு லிஸ்ட்ல ஒரு புள்ளிய எடுத்துட்டு இன்னொண்ணுல எடுக்க மறந்துட்டா, அதுக்கப்புறம் இருக்கற எல்லாமே பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிடுதே."

"பதினாலு வருஷமா நான் மறக்கல."

"நீங்க மறக்க மாட்டீங்கக்கா. நாங்க மறப்போமே."

அதில் பணிவுதான் இருந்தது. பெரியவளுக்கு அந்தப் பணிவுதான் ஆகவில்லை. திமிராகப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பாள். ஒரே மாதத்தில் சின்னவள் முழுவதையும் மாற்றி எழுதினாள். நாற்பது விநாடி பிடித்த வேலை இரண்டு விநாடியில் முடிந்தது. முதலாளி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, புதுப் பொம்மை கிடைத்த பிள்ளைபோலச் சிரித்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பெரியவள் பார்த்தாள். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைத்து மூடி மறைக்க அவளுக்கே தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. "சின்னவ வந்தப்புறம்தான் என் போன் ஒழுங்கா வேலை செய்யுது" என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மூத்த மருமகளும் கம்ப்யூட்டரில்தான் காலம் தள்ளுகிறாள் என்பது அந்த அம்மாளுக்கு ஞாபகமே வராது. கணவன் இன்னும் மோசம். "அவ கெட்டிக்காரிதான், ஒத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து, "நீயும்தான்" என்று சேர்த்துக்கொண்டான். அன்றைக்கு அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய தொழிற்சாலை வந்து சேர்ந்தது. சோதனைக்கு நாற்பது ஜோடி வெட்டிக் காட்டவேண்டும். அது முடிந்ததும் குழுவுக்குத் தலைமை யார் என்று அறிவிப்பதாக முதலாளி சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது அவர் கண் சின்னவளின் மேஜைக்குப் போய்வந்ததைப் பெரியவள் கவனித்தாள். பதினான்கு வருஷமாக அவள் காத்திருந்த நாற்காலி அது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாக வாசித்து, சரி என்று பொத்தானை அழுத்தினால்தான் அது இயந்திரத்துக்குப் போகும். சின்னவள் எழுதியது பெரியவளிடம் வந்தது. தொழிற்சாலை வலது காலை மட்டும்தான் வரைந்து கொடுக்கும். இடது காலை நிரலே உண்டாக்கிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு புள்ளியின் பக்கவாட்டு எண்ணையும் எதிர்ப்பக்கம் திருப்பினால் வலது இடதாகிவிடும். சின்னவள் அதை அழகாக எழுதியிருந்தாள். பெரியவள் குறை தேடிக்கொண்டே வந்து, அறுபத்திரண்டாம் வரியில் நின்றாள்.

சின்னவள் வலது காலின் புள்ளிகளை எடுத்து இடது கால் என்று பெயர் வைத்திருந்தாள். நகல் எடுக்கவில்லை. அம்மா ஒரு பெயரும் அப்பா ஒரு பெயருமாகக் கூப்பிட்டால் ஒரு பிள்ளை இரண்டாகிவிடுமா? இருப்பது ஒரே பட்டியல்தான். இடதைத் திருப்பினால் வலதும் கூடவே திரும்பிக்கொள்ளும். திருப்புவதற்கு முன்பே வலது காலைத் திரையில் வரைந்துவிடுவதால் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தோலில் வெட்டும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

பெரியவளின் கை அந்தத் தப்பைச் சுட்டி எழுதுவதற்காக விசைப்பலகைக்குப் போனது. அதே நேரம் முதலாளியின் அறையிலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று சின்னவளுடையது.

பெரியவள் கையை எடுத்து, சரி என்ற பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொழிற்சாலை மேஸ்திரி போனில் வந்தார். முதலாளி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், நாங்க நாற்பது ஜோடி கேட்டோம். எண்பதும் இடது காலாவே வந்திருக்கு. உங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நடப்பாங்களா?"

தோலுக்கு நல்ல பக்கம் ஒன்றுதான்; புரட்டிப் போட்டு ஒப்பேற்றவும் வழியில்லை. சின்னவளின் முகத்தில் இரத்தமே இல்லை. பெரியவளுக்கு ஒரு நிமிஷம், உண்மையைச் சொன்னால், இனித்தது.

அந்த இனிப்பு சாயங்காலம்வரை தாங்கவில்லை. சின்னவள் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள், கோப்பைச் சந்தேகப்பட்டாள், அளவு மாற்றும் இடத்தை மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். காலைத் திருப்பும் அந்த ஒரு பகுதியை மட்டும் அவள் திறக்கவே இல்லை. "அதப் பார்க்க வேணாம். அது அக்கா பார்த்தது" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னது பெரியவளின் காதில் விழுந்தது. இரண்டு நாள் சோறு தண்ணீர் நினைப்பில்லாமல் தேடினாள். மூன்றாம் நாள் வேறு இடமே மிச்சமில்லாமல்தான் அதைத் திறந்தாள்; அறுபத்திரண்டாம் வரி அகப்பட்டது.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். "இத யாரு பார்த்தது?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு என்னுது சார். அக்கா கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. அன்னைக்கு அவங்களுக்குத் தலைவலி. நான்தான் அவசரப்படுத்தினேன்."

தலைவலியும் இல்லை, அவசரமும் இல்லை. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திருத்தி அனுப்பச் சொன்னார். பிறகு, வேகம் மட்டும் இருந்தால் போதாது, நிதானம் வேண்டும் என்று ஏதோ சொல்லி, தலைமையைப் பெரியவளிடம் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சின்னவளும் தட்டினாள்.

வீட்டுக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போய்வருவார்கள். சின்னவள் ஓட்டுவாள். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து பெரியவள் சொன்னாள்.

"எனக்குத் தலைவலி இல்லடி. அந்த வரிய நான் பார்த்தேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

சின்னவள் திரும்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் ரெண்டு நாள் தேடினேனேக்கா. அப்பவாவது சொல்லியிருக்கலாமே. பக்கத்துலதானே இருந்தீங்க."

விளக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் எப்போதும் போகிற வேகத்தில்தான் ஓட்டினாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமியாரின் போனுக்கு வந்த ஏதோ ஒரு தொல்லையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெரியவள் புது நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசிக்கவேண்டியவை எல்லாம் அவள் திரையில் வரிசையாக வந்திருந்தன. எல்லார் பெயரும் இருந்தது, சின்னவளுடையதைத் தவிர. ஒரே வீட்டு ஆட்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்ப்பது முறையில்லை, நீங்களே பாருங்கள் சார் என்று முதலாளியிடம் கேட்டிருந்தாளாம். அவரும் அதுதான் நியாயம் என்று ஒப்புக்கொண்டாராம்.

தடுப்புக்கு அப்பால் இருவரும் ஒரு திரைமுன் குனிந்திருந்தார்கள். சின்னவள் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "இது சரியா சார்? நீங்க பார்த்துச் சொன்னா எனக்குத் தைரியம்" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். பெரியவளுக்கு இந்தத் தடவை முதலாளியின்மேல் வயிறு எரிந்தது.